மரம் தாங்காத கார்டு

எங்கள் வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவரில் இரண்டு தட்டு கேட்டால் நாங்கள் தண்ணீர் மோட்டார் போடக்கூடாது, இஸ்திரிப் பெட்டியைச் செருகக்கூடாது. ஒரு தட்டு கேட்டால் போடலாம். நாலு வருஷமாக இதுதான் சட்டம். ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தும் இவ்வளவு ஒழுங்காக எந்தச் சட்டத்தையும் நான் கடைப்பிடித்ததில்லை.

சட்டத்துக்குக் காரணம் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். டிரைவரின் மனைவிக்கு வேலையே, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியது போலக் காட்டுவது. எஞ்சினியர் ஒருவர் வரைபடம் அனுப்புவார். அவள் அதைச் சுவரும் ஜன்னலுமாக எழுப்பி, வெயில் விழவைத்து, வாசலில் நுழைந்து மாடி வரை நாமே நடந்து போகிற மாதிரி ஒரு வீடியோ செய்து கொடுப்பாள். நாற்பது விநாடி வீடியோவுக்கு ஆயிரம் படம் வேண்டும். அந்த ஆயிரத்தையும் பெட்டிக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு அவர்கள் ரெண்டர் என்பார்கள். ரெண்டர் ஓடும்போது நாங்கள் மோட்டார் போட்டால் கரண்ட் ஒரு சொடுக்கு தளரும். அவ்வளவுதான், திரை கறுத்துப் போகும். பெட்டி செத்துப் பிழைக்கும். அவள் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அவள் எழுப்பிய வீடுகளில் ஒரு மரம்கூட இருக்காது. ஒரு செடி, புல், திரைச்சீலை எதுவும் கிடையாது. வைத்துப் பார்க்காமல் இல்லை. வாசலில் ஒரு மரத்தை வைத்தால் போதும், பத்தாவது படத்துக்குள் திரை கறுத்துவிடும். "ஒரு இலைன்னா பரவாயில்லண்ணே, லட்சம் இலை. கார்டு தாங்காது" என்பாள். அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தாள். மரத்தை வைக்காமல் மரத்தின் நிழலை மட்டும் சுவரில் ஒட்டிவிடுவாள். நிழலுக்குக் கனம் இல்லை. பார்க்கிறவர்கள், மரம் எங்கேயோ பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

டிரைவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. சரக்கு வேனில் பீரோ இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் செல்போனில் கார்டு விலை பார்ப்பார். பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எந்தக் கார்டு எந்த மாதம் என்ன விலை விற்றது, எப்போது ஏறியது, எந்தக் கடைக்காரன் பழசைப் புதுசு என்று விற்கிறான், எல்லாம் விரல் நுனியில். எனக்கு இதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் மாலையில் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொள்வேன்.

"இன்னும் மூணு மாசம் சார். புது மாடல் இறங்கிடும். இறங்கிச்சுன்னா இப்ப இருக்கறது அப்படியே சரியும். அப்ப ஒரே அமுக்கு."

"போன வருஷமும் மூணு மாசம்னுதானே சொன்னீங்க?"

"போன வருஷம் இறங்கிச்சு சார். ஆனா விலை சரியல. அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஏமாந்திருப்போம்."

இப்படியே நாலு வருஷம். வேலை இருந்த காலத்தில் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, வேலை போன பிறகு அதுவே வேலையாகிவிட்டது. வீட்டுக்குச் சம்பாதிப்பது மனைவி. தன் பங்குக்குத் தான் செய்வது ஏமாறாமல் இருப்பது என்று அவர் நினைத்தார். நானும் அதில் தப்பு கண்டுபிடிக்கவில்லை.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் டிரைவரின் அம்மா. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவர். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு எப்போதும் கழற்றியே இருக்கும், வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் அதன் வயிற்றுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிழவி தன் கட்டிலில் அட்டையால் விசிறிக்கொண்டு, பெட்டியின் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்பார்.

"இன்னைக்கு இதுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கேம்மா. தாங்குமா?"

"தாங்கணும் அத்தை. இன்னும் நானூறு படம் இருக்கு."

"எனக்கு இப்படி இழுத்தா என்னைத் தூக்கி ஓரமா போட்டிருப்பீங்க."

"உங்களுக்கு மாத்து பார்ட்ஸ் கிடைக்காதே அத்தை, அதான் யோசிக்கிறோம்" என்று மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வாள். கிழவி சிரிப்பார். வெயில் காலத்தில் அந்த அறையில் நாலு பேர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், பெட்டியையும் சேர்த்து.

ஒரு தடவை சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கார்டெல்லாம் அப்புறம் சார். முதல்ல பவர் சப்ளையை மாத்துங்க. பெட்டியோட சும்மா கொடுத்தது இது, இதுல தெம்பே இல்ல" என்றார். கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கிற ஒரு கறுப்பு டப்பாவைத்தான் காட்டினார். டிரைவர் தலையை ஆட்டி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? நாம கார்டுன்னா இவன் வேற ஒண்ண தலையில கட்டப் பாக்கறான். கடையில தேங்கிக் கிடக்கும் போல."

"ஆமா, முழிக்கிற முழியே சரியில்ல" என்றேன் நான். அந்த ஆளின் முழி நன்றாகத்தான் இருந்தது. பேச்சுக்கு ஒத்து ஊதுவது எனக்கு ஆபீசில் வந்த பழக்கம்.

இந்த வருஷம் கோடை முற்றிய சமயத்தில், புது மாடல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இறங்குகிறது என்று அறிவித்துவிட்டார்கள். டிரைவர் முகத்தில் கல்யாணக் களை. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சார், பழசை இன்னைக்கு வித்துட்டேன்" என்றார்.

"என்னது? வேலை?"

"வேலை அடுத்த வாரம்தான் கொடுக்கணும். வியாழக்கிழமை புதுசு வந்ததும் இதோட விலை பாதியாயிடும். இன்னைக்கு வித்தா நல்ல விலை. நாலு நாள் சும்மா இருந்தா போச்சு. கணக்குப் போட்டுத்தான் பண்ணினேன்."

நாலு வருஷம் காத்திருந்த மனுஷன் நாலு நாள் முந்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆன்லைன் கடை திறந்தது. பத்து நாலுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. அந்த நாலு நிமிஷமும் அவர் செல்போனில் பட்டனை அழுத்திக்கொண்டே புலம்பியதைச் சுவர் வழியாகக் கேட்டேன். "ஐயோ, வட்டம் சுத்துதே, சுத்துதே" என்றார். மத்தியானத்துக்குள் அதே கார்டை வேறு ஆட்கள் ஒன்றரை மடங்கு விலை சொல்லி விற்க ஆரம்பித்தார்கள். டிரைவர் வீட்டில் கார்டுக்கென்று சேர்த்திருந்த பணம் அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. பழையதின் விலையும் குறையவில்லை, ஏறியிருந்தது.

சாயங்காலம் எஞ்சினியர் கூப்பிட்டார். முதல் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே பார்க்க வருகிறார்களாம். வீடியோ சனிக்கிழமை மாலைக்குள் வேண்டும். "அப்புறம் இந்தத் தடவை மரம் வேணும்மா. உங்க வீடுகளைப் பாத்தா யாரோ காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. முடியலன்னா சொல்லிடுங்க, இன்னொரு பையன் ஒரே நாள்ல பண்ணித் தரேங்கறான். மொத்த வேலையும் அவன்கிட்டயே கொடுத்துடறேன், உங்களுக்கும் சிரமம் வேண்டாம்."

அவர் ஒருவர் தரும் வேலையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. "முடியும் சார்" என்று அவள் சொல்லிவிட்டாள். பெட்டியில் கார்டு இருக்க வேண்டிய இடம் ஓட்டைப் பல் மாதிரி இருந்தது.

போனை வைத்த பிறகு அந்த வீட்டில் சண்டை வரும் என்று நானும் என் மனைவியும் எதிர்பார்த்தோம். வரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"யார்கிட்ட வித்தீங்க?"

"பல்செட் செய்யறவர் ஒருத்தர். ராத்திரியில கேம் ஆடுவாராம்."

"நம்பர் கொடுங்க."

"எதுக்கு? திருப்பித் தர மாட்டார்மா. நான் எந்த மூஞ்சியோட கேக்கறது?"

"நீங்க கேக்க வேண்டாம். திட்டவும் தெம்பு இல்லங்க எனக்கு. நம்பரைக் கொடுங்க."

சனிக்கிழமை காலை அவளைப் பல்செட்காரர் வீட்டுக்கு என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். டிரைவரால் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் உட்கார முடியாது. அதைவிட, வாங்கியவர் முகத்தைப் பார்க்க முடியாது. தான் எழுப்பிய வீடு முழுவதையும் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் போட்டு, கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பல்செட்காரர் முப்பது வயது ஆள். முன்னறையில் மேஜை நிறையச் சுண்ணாம்பில் வார்த்த பல் வரிசைகள் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. உள்ளறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கலர் விளக்கு சுற்றுகிற மூன்று ஃபேன்கள். நடுவில் நம்முடைய பழைய கார்டு. அதை அங்கே பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் புகுந்த வீட்டில் பார்க்கிற மாதிரி.

"சாயங்காலம் வரைக்கும் ஓட்டிக்குங்க அக்கா. பகல்ல எனக்குப் பல்லு வேலைதான். நானே புதுசு வர்ற வரைக்கும்தான் இதை வாங்கினேன். அதான் வந்த வேகத்துல தீர்ந்துடுச்சே, பாத்தீங்க இல்ல?"

"பாத்தோம் தம்பி."

ஒன்பதரைக்கு ஆரம்பித்தாள். வாசலில் ஒரு மரம், பக்கச் சுவரோரம் இரண்டு. எப்படியும் பத்தாவது படத்தில் நிற்கும், அப்போது எடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் வைத்தாள். பத்து போயிற்று. முப்பது போயிற்று. திரையில் இலைகள் ஒவ்வொன்றாக வெயில் வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு படத்துக்கு இருபத்தைந்து விநாடி. அவள் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் பல் தேய்க்கிற மெஷின் கிர்ரென்று ஓடியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மத்தியானம் பல்செட்காரரின் அம்மா சமையலறையில் மிக்ஸி போட்டார். அவள் சட்டென்று எழுந்து, "ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா!" என்று கத்திவிட்டாள். நானும் எழுந்து நின்றேன். எனக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. பல்செட்காரர் கையில் ஒரு தாடையோடு ஓடி வந்தார்.

"என்னாச்சுக்கா?"

"மிக்ஸி... கரண்ட் தளர்ந்தா நின்னுடுமே."

"எது? அதெல்லாம் நிக்காதுக்கா. எங்க பவர் சப்ளை கொஞ்சம் நல்லதா போட்டிருக்கேன். அது சரியில்லன்னா கார்டுக்கு மூச்சு முட்டும். மரம், புல்லுன்னு பாரம் ஏத்தினா படுத்துக்கும். சில பேர் அது தெரியாம கார்டைக் குத்தம் சொல்லுவாங்க."

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் படம் எண் நானூற்று இருபது முடிந்து நானூற்று இருபத்தொன்று வந்தது. அவள் மெல்ல உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சர்வீஸ்காரரின் டார்ச் வெளிச்சம் ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கும்.

"அந்த டப்பா என்ன விலை தம்பி?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவர்கள் நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு மூலைக்குக் காணாது. அவர்கள் சேர்க்க ஆரம்பித்த முதல் மாதமே வாங்கியிருக்கலாம்.

நாலு இருபத்தேழுக்கு ஆயிரமாவது படம் முடிந்தது. அங்கிருந்தே அனுப்பினாள். அரை மணியில் எஞ்சினியர் கூப்பிட்டார். "மரம் பிரமாதம்மா! வேலை உங்களுக்குத்தான். ஒண்ணு பண்ணுங்க, இந்த வருஷம் பண்ணின எட்டு வீட்டுக்கும் இதே மாதிரி மரம் வச்சு மறுபடி கொடுத்துடுங்க. பழைய வேலைதானே, அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம் இல்ல?" அவள் "சரி சார்" என்று போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கொஞ்சம் இருமல் மாதிரி ஆகிவிட்டது. பல்செட்காரரின் அம்மா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

திரும்பும்போது, எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணே, அவர்கிட்ட அந்தப் பவர் சப்ளை விஷயம் சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படிம்மா? புதுசு வாங்கிப் போட்டாலும் மறுபடி நிக்குமே."

"நானே மெதுவா ஒரு நாள் சொல்லிக்கறேன். இப்ப வேண்டாம். உடம்பு அப்படி இருக்கு. எழுந்திருச்சதிலிருந்து அதைத்தான் பாக்கறார். அதையும் பிடுங்கிட்டா மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார்?"

டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். வெகுநேரமாக நின்றிருக்கிறார் என்று கால் வீக்கத்திலேயே தெரிந்தது.

"முடிஞ்சுதா? எத்தனை தடவை நின்னுச்சு?"

"மூணு தடவை" என்றாள் அவள்.

"நான் சொல்லல? கார்டுக்கு வயசாயிடுச்சு. வித்தது ஒண்ணும் தப்பில்ல" என்றார். அவர் முகம் தெளிந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபியைக் கொண்டுவந்தாள். அவர் வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"சார், ஹார்டு டிஸ்க்குல அந்த ஆயிரம் படமும் இருந்துச்சு. ஒவ்வொண்ணும் எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னு அதுலயே பதிஞ்சிருக்கும். ஒண்ணு விடாம பாத்தேன். இருபத்தஞ்சு விநாடிக்கு ஒண்ணு. நடுவுல எங்கயும் இடைவெளியே இல்ல. ஒரு தடவைகூட நிக்கல."

நான் காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அதுவும் மரத்தோட. நம்ம பழைய கார்டு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அன்னைக்கு ஒருத்தன் வந்து சொன்னான் இல்ல? நான் அவனைத் திருடன்னேன்."

"நானும்தான் ஒத்து ஊதினேன்."

"நீங்க ஊதலன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் சார்." காபியைத் தொடாமலே போய்விட்டார்.

ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்குத் தெரியும். ஒற்றைச் செங்கல் சுவருக்குத் தெரியாது.

"மூணு தடவை நின்னுச்சுன்னியே?"

"பொய்தான்."

"எதுக்கு?"

"நாலு வருஷம் உக்காரக்கூட முடியாம நின்னு நின்னு பாத்திருக்கீங்க. அது வீண்னு என் வாயால எப்படிங்க சொல்றது?"

"வீண்தான். சொல்லிடு. நீ சொன்னா தாங்கிப்பேன், நானா கண்டுபிடிச்சதுதான் தாங்கல. நாலு வருஷம் உன்னை மரம் வைக்க விடலையே நான். நிழலை மட்டும் ஒட்ட வச்சேனே."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கிழவியின் குரல்தான் கேட்டது. "விடுடா. இழுப்பு எங்க இருக்குன்னு பெரிய டாக்டருங்களே தப்பா பாத்து நான் பாத்திருக்கேன்."

அன்று மத்தியானமே அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போய் அந்த டப்பாவை வாங்கி வந்தார். சாயங்காலம் பல்செட்காரரைக் கூப்பிட்டு, கார்டைத் திருப்பித் தருவாரா என்று கேட்டார். டிரைவர் விற்ற விலைக்கு மேல் அவர் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க தம்பி, காலையில வரேன்" என்று மட்டும் இவர் சொன்னார். நான் அறிந்து அந்த மனுஷன் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

மறுநாள் பத்து மணி இருக்கும். பக்கத்தில் பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கள் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் மனைவி மோட்டார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ஒரு தட்டும் வரவில்லை, இரண்டு தட்டும் வரவில்லை.

"போடலாமா, கூடாதான்னு ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "போடுங்க சார். இனிமே எப்ப வேணும்னாலும் போடுங்க."

அவள் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பக்கத்துப் பெட்டி நிற்கவில்லை. "முதல் வீடு, நூத்திப் பத்து" என்று டிரைவரின் மனைவி எண்ணுகிற குரல் கேட்டது. டேபிள் ஃபேனை யாரோ இழுத்துக்கொண்டுபோய் வைக்கிற சத்தமும், "காத்து வருதுடா" என்று கிழவி சொன்னதும் கேட்டன.

அதற்குப் பிறகுதான் டிரைவர் அழுகிற சத்தம் கேட்டது. மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பார். தேம்பித் தேம்பி அழுதார்.

தொட்டி நிரம்பிவிட்டது. என் மனைவி மோட்டாரை நிறுத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மாடியில் வழிந்து தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டட்டும் என்று விட்டுவிட்டோம்.